காரீயக் காட்டினூடே ஒரு துவிச்சக்கர வண்டிப் பயணம்

‘நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை’ என்பது நம் முன்னோர் வாக்கு. நடப்பவனுக்கு உறவாகும் நாடு, துவிச்சக்கர வண்டியை மிதித்துச் செல்பவனுக்கும் உறவாகவே செய்யும். பேருந்தின் யன்னலூடே கண்ணிமைப்பொழுதில் ஓடி மறையும் ஊர்கள், வண்டி மிதிப்பவனிடம் மாத்திரம் நின்று நாலு வார்த்தை பேசுகின்றன.

2022ஆம் ஆண்டிலே எரிபொருளுக்காக இலங்கை மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், வீட்டுத் தாழ்வாரங்களில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகள் பல மீண்டும் தெருவுக்கு வந்தன. நமது வண்டியும் அவ்வாறு மறுபிறப்பெடுத்த ஒன்றே. பஞ்சம் நீங்கிய பின்னரும் அதனை மூலையில் சாத்தி வைக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே விடுமுறையொன்றில், மாணாக்கர் நால்வரைத் துணையாகக் கொண்டு, மடவளையிலிருந்து குருணாகல் மாவட்டத்துத் தொடங்கஸ்லந்த வரை சென்று வருவதென்று தீர்மானித்தோம். வெள்ளி கிடைத்ததாகச் சரித்திரம் கூறும் குகையொன்றும், உலகப் போரில் உலோகம் உருக்க உதவிய காரீயக் குழிகளும் அவ்வழியில் உண்டு.

மலையிறங்கும் வழி

வைகறையில் மடவளைக் கடைத்தெருவில் பள்ளிவாசலின் பாங்கொலி கேட்கும் வேளையில் புறப்பட்டோம். கட்டுகஸ்தோட்டையை அடைந்து, அங்கிருந்து ஏ-10 இலக்க நெடுஞ்சாலையைப் பற்றினால் கலகெதர, மாவத்தகம என்னும் ஊர்களினூடாகக் குருணாகலுக்கு வழி செல்கிறது. கண்டி கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும், குருணாகல் ஏறத்தாழ 120 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இடைப்பட்ட உயரத்தின் பெரும்பகுதியைக் கலகெதரவை அடுத்த வளைவுகளிலேயே இறங்கிவிடுகிறோம். இறங்கும்போது மிதிக்க வேண்டியதில்லை. தடையை மாத்திரம் பிடித்தாற் போதும். எனினும் தடைகள் இரண்டும் செம்மையாக இருக்கின்றனவா என்பதைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளாதவன் இவ்வழியில் வண்டி ஓட்டத் தகுதியற்றவன்.

மாவத்தகமவில் நெடுஞ்சாலையை விட்டு உள்வழியில் திரும்பினால் குளிர் நீங்கித் தென்னையும் இறப்பரும் வயலும் மாறி மாறி வருகின்றன. ரம்படகல்லவில் கற்பாறையிலே குடைந்தெடுத்த சமாதி நிலைப் புத்தர் சிலை 67½ அடி உயரத்தில் வீற்றிருக்கிறது. ஆப்கானிஸ்தானத்துப் பாமியன் சிலைகள் 2001ஆம் ஆண்டில் தகர்க்கப்பட்ட செய்தியால் மனம் நொந்தோர் எடுத்த பணி இது. இதனைச் செதுக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழ்நாட்டுச் சிற்பி முத்தையா ஸ்தபதி. 2015ஆம் ஆண்டில் சிலை திறக்கப்பட்டது. ஒரு நாட்டில் உடைந்ததை இன்னொரு நாட்டில் இன்னொரு மதத்தவரின் உளி ஈடு செய்தது என்னும் செய்தியை மாணாக்கர் வெகுநேரம் பேசிக்கொண்டே வந்தனர்.

வெள்ளி தந்த குகை

அடுத்தது ரிதிகம. சிங்களத்தில் ‘ரிதி’ என்றால் வெள்ளி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் துட்டகைமுனு மன்னன் அனுராதபுரத்தில் மகாதூபியை எழுப்ப முனைந்தபோது, அதற்கு வேண்டிய வெள்ளி இங்கே கிடைத்ததென்று மகாவம்சம் கூறுகிறது. இஞ்சி முதலிய பண்டங்களைக் கொள்வதற்காக மலைநாட்டை நோக்கி வண்டிகளுடன் சென்ற வணிகன் ஒருவன், மாட்டை ஓட்டக் கோல் தேடி இறங்கினானாம். பெரியதொரு பலாப்பழத்தைக் கண்டு, அதனைத் துறவிகளுக்கு அளித்தபின், குகையொன்றில் வெள்ளியைக் கண்டு அரசனுக்கு அறிவித்தானாம். அவ்விடத்தில் எழுந்த விகாரையே ரிதி விகாரை. பலாப்பழக் கதையின் பெயரைத் தாங்கிய ‘வரக்கா வளந்து’ என்னும் சிறு கற்கோயில் தென்னிந்தியக் கோயிலின் சாயலில் இருப்பதைத் தமிழர் எவரும் கண்டவுடன் உணர்வர். 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட நாயக்கர் குலத்துக் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் இவ்விகாரையைப் புதுப்பித்தான். உள்ளே ஒரு சிலையின் பீடத்தை அணிசெய்வன ஒல்லாந்தரின் நீலவெள்ளை ஓடுகள். அவற்றிலே தீட்டப்பெற்றவை விவிலியக் காட்சிகள்!

பெயரிலே ஒரு பிழை

ரிதிகமவைத் தாண்டினால் தொடங்கஸ்லந்த. இங்குள்ள கஹட்டகஹ சுரங்கம் நிலத்தின் கீழ் ஏறத்தாழ 2,000 அடிவரை இறங்குகிறது. அதில் கிடைப்பது காரீயம். இப்பெயரைக் கேட்டு மாணாக்கர் மயங்குதல் இயல்பு. ஏனெனில் தமிழில் காரீயம் என்பது ஈயவகை உலோகம் ஒன்றின் பெயரும் ஆகும். இதே மயக்கம் ஐரோப்பியருக்கும் இருந்தது. பென்சிலினுள் இருப்பது ஈயமே என்று அவர்களும் நெடுங்காலம் நம்பினர். சுவீடன் தேசத்து இரசாயன அறிஞர் கார்ல் ஷீலே 1779ஆம் ஆண்டில் இது கரியின் ஒரு வடிவமே என்று காட்டினார். பிழை தீர்ந்தது, பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது.

காரீயத்தில் கரியணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தாளும் தன்னளவில் உறுதியானது. ஆனால் தாளுக்கும் தாளுக்கும் இடையிலுள்ள பிணைப்பு மிகவும் மெலிந்தது. ஆகவே ஒன்றின்மேலொன்று வழுக்குகின்றன. பென்சில் எழுதுவது இவ்வழுக்கலால். நமது வண்டியின் சங்கிலிக்குக் காரீயப் பொடி மசகாக உதவுவதும் இதனால். மின்கலத்தில் மின்னேறும்போது இலிதியம் இத்தாள்களின் இடையே புகுந்து தங்குகிறது. 2004ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஆந்திரே கெய்ம், கொன்ஸ்தந்தீன் நொவொசெலொவ் என்போர் சாதாரண ஒட்டுநாடாவைக் கொண்டு இத்தாளைத் தனியே உரித்தெடுத்தனர். 2010இல் நோபல் பரிசும் பெற்றனர்.

இன்னுமொரு பண்பு இதற்குண்டு. கடும் வெப்பத்திலும் காரீயம் உருகுவதில்லை. ஆதலால் உலோகம் உருக்கும் மூசைகளுக்கு அது இன்றியமையாததாயிற்று. இலங்கைக் காரீயமோ பாறையின் வெடிப்புகளில் நரம்புபோல் ஓடுவது. 99 வீதம்வரை தூய்மையுடையது. முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1916ஆம் ஆண்டில், இலங்கையின் ஏற்றுமதி 33,000 தொன்னை எட்டியது. நாட்டின் முதற்பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் தந்தையார் பெருஞ்செல்வம் சேர்த்தது காரீய வணிகத்திலேயே. போர் முடிந்ததும் தேவை சுருங்கிற்று. மடகஸ்கார் காரீயமும் போட்டியாக வந்தது. குழிகள் பல ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. எஞ்சிய பெருஞ்சுரங்கங்களை அரசாங்கம் 1971ஆம் ஆண்டில் தன்வசமாக்கியது.

காடு மூடிய குழி

கைவிடப்பட்ட நிலத்தைக் காடு மீட்டுக்கொண்டது. சாலையோரம் வண்டிகளைச் சாத்திவிட்டு இளைப்பாறினோம். மாணாக்கன் ஒருவன் பன்னம் புதரொன்றை நோக்கி நாலைந்து அடி எடுத்து வைத்தான். அப்போது எதிரே விறகு சுமந்து வந்த முதியவர் ஒருவர் உரத்த குரலில் அவனைத் தடுத்தார். சிங்களம் நன்கறிந்த மடவளைப் பையன், “என்ன சீயா?” என்று வினவ, அவர் கல்லொன்றை எடுத்துப் புதருக்குள் எறிந்தார். கல் விழுந்த ஓசை உடனே கேட்கவில்லை. மூன்று எண்ணும்வரை காத்திருந்தோம். பின்னரே அடியில் நீர் தெறித்த ஒலி எழுந்தது. நாலைந்து அடி எடுத்தவனின் முகத்தில் இரத்தமில்லை. நாமும் வாயடைத்து நின்றோம். பிள்ளைகளை அழைத்து வந்தவர் நாமன்றோ!

முதியவர் அமர்ந்து பேசினார், பையன் மொழிபெயர்த்தான். அவருடைய தந்தையார் இத்தகைய குழியொன்றில் உழைத்தவர். காட்டுமரத்தால் கட்டிய ஏணியில் வெறுங்காலுடன் இறங்கி ஏறினார்களாம். ஏணிப்படிகளில் காரீயம் படிந்து எண்ணெய் தடவியதுபோல் வழுக்குமாம். “அப்பா வீட்டுக்கு வந்தால் பல்லும் கண்ணும் மாத்திரமே வெள்ளையாக இருக்கும்” என்றார் அவர். எந்த வழுக்கலால் பென்சில் எழுதுகிறதோ, அதே வழுக்கலில் ஏழைகளின் கால்கள் தவறின. வகுப்பறையில் பலமுறை விளக்கிய அப்பண்பின் மறுபக்கத்தை அன்றுதான் அறிந்தோம்.

பிறநாட்டார் செய்தது

பழைய சுரங்க நிலத்தைப் பிற நாட்டார் எவ்வாறு போற்றுகின்றனர்? ஜேர்மனியின் எசன் நகரத்துச் சொல்வெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. 2001இல் உலக மரபுரிமையாயிற்று. அப்பிரதேசத்தில் நிலக்கரி சுமந்த பழைய இருப்புப்பாதைகள் சில இன்று துவிச்சக்கர வண்டிப் பாதைகள். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் கடைசிச் சுரங்கம் 1992இல் மூடப்பட்டது. 2006இல் அங்கே தேசியப் பூங்காவொன்று திறக்கப்பட்டது. வேலையிழந்த ஊர்கள் வண்டியோட்டிகளின் வருகையால் ஓரளவு தலைநிமிர்ந்தன.

நாம் அவ்வளவு பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. கைவிட்ட குழிகளுக்கு வேலி. மூன்று மொழியிலும் ஓர் எச்சரிக்கைப் பலகை. அங்கு உழைத்தோரை நினைவூட்டும் ஒரு கல் — இவை போதும். மின்கலங்களுக்காக உலகம் மீண்டும் காரீயத்தைத் தேடும் காலம் இது. புதிய குழிகள் தோண்டப்படுமாயின், பழைய குழியை மூடாத குற்றத்தை இன்னொரு முறை செய்யலாகாது.

செல்வோர் கவனத்துக்கு

மடவளையிலிருந்து தொடங்கஸ்லந்த ஏறத்தாழ 60 கிலோமீற்றர். போவது இறக்கம், மீள்வது ஏற்றமாதலால், இரவு குருணாகலில் தங்கி மறுநாள் விடியலில் திரும்புதல் நலம். மழைக்காலத்தைத் தவிர்க்க. தலைக்கவசம், காற்றடிக்கும் பம்பு, ஒட்டுப்போடும் சாமான்கள், நீர் ஆகியன வேண்டும். இயங்கும் சுரங்கத்தைக் காண விரும்புவோர் முன்னரே அனுமதி பெறவேண்டும். யாவற்றுக்கும் மேலாக, பாதையை விட்டுப் புதருக்குள் ஓரடியும் வைக்கலாகாது.

வீடு திரும்பிய மறுநாள், புதரை நோக்கி நடந்த மாணாக்கன் தன் பயணக் குறிப்பை எழுதிக் கொண்டுவந்தான். பேனாவை விடுத்துப் பென்சிலால் எழுதியிருந்தான். காரணம் கேட்டோம். “இது எங்கிருந்து வந்ததென்று இப்போது தெரியும், சேர்” என்றான். அறுபது கிலோமீற்றர் மிதித்ததன் பயன் அந்த ஒரு மறுமொழியில் அடங்கிவிட்டது.