22-வது விநாடியில் 'கிளிக்'! வானத்து வெடிப்பை மடக்கிய எந்திரம்

வானத்தில் சில வெடிப்புகள் திடீரென்று வரும்; வந்த வேகத்தில் மறையும். விஞ்ஞானியைத் தட்டி எழுப்பி, அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வருவதற்குள் கதை முடிந்துவிடும்!

இதற்கு எந்திரம்தான் சரி என்பது 1999 ஜனவரி 23-ந் தேதி தெரிந்தது.

அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் என்ற ஊரில் 'ரோட்சி' என்ற தானியங்கி டெலஸ்கோப் இருந்தது. பீரங்கி சைசில் நினைக்க வேண்டாம். 4 கேனான் காமிரா லென்ஸ்களைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான்!

அதிகாலை மணி 2.46. விண்வெளியில் சுற்றிய காம்ப்டன் செயற்கைக்கோள் மீது காமா கதிர்கள் பாய்ந்தன. ராட்சத நட்சத்திரம் சாகும்போது கிளம்பும் கதிர்கள் இவை. தரைக்குத் தகவல் பறந்தது. யாரும் தொடாமலே 'ரோட்சி' அந்தப் பக்கம் திரும்பியது. வெடிப்பு தொடங்கிய 22-வது விநாடியில் முதல் போட்டோ!

47-வது விநாடியில் எடுத்த படத்தில்தான் வெளிச்சம் உச்சம். கையில் பைனாகுலர் இருந்தாலே பார்த்திருக்கலாம். பத்தே நிமிடத்தில் நூறு மடங்குக்கு மேல் மங்கிவிட்டது.

இத்தகைய வெடிப்பு நடக்கும்போதே அதன் ஒளியைப் படம் பிடித்தது அதுவே முதல் தடவை. அதற்கு முன்பெல்லாம் மணிக்கணக்கில் கழித்து, மிச்ச வெளிச்சத்தைத்தான் பார்த்தார்கள்.

அந்த ஒளி கிளம்பி 900 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அப்போது நம்ம பூமியே கிடையாது!