அப்பாவோடு கடைக்கு வரும் கைபேசி

ஜூன் மாதம் பிறந்தால் நம் கடைகளில் வேலை பார்ப்போர் முன்பணம் கேட்டு வருவது வழக்கம். முன்பு சீருடைக்கும் கட்டணத்துக்கும் கேட்டார்கள். இப்போது கைபேசிக்கும் சேர்த்துக் கேட்கிறார்கள். 'இவர்களுக்கு ஏன் இந்த ஆடம்பரம்?' என்று நம் உறுப்பினர்களில் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில் வரும் காலத்தில் அதை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோதுதான் இந்த ஏற்றத்தாழ்வு பளிச்சென்று தெரிந்தது. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அப்போது ஓரளவு கைகொடுத்தது. 2006 முதல் அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சியும் பல வீடுகளில் இருந்தது. ஆனால் தொலைக்காட்சியிடம் சந்தேகம் கேட்க முடியாது. நேரடி வகுப்புக்குக் கைபேசியோ கணினியோ வேண்டும். 2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கணினி இருந்த வீடுகள் நகரத்தில் நூற்றுக்கு 23, கிராமத்தில் 4 மட்டுமே. இந்த லட்சணத்தில், பள்ளிகள் மூடிய அடுத்த மாதமே, 2020 ஏப்ரல் 1 முதல், கைபேசி மீதான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது!

தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பெரிய காரியம்தான். ஆனால் அது அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கே. அதுவும் மேல்நிலை வகுப்புக்கு வந்த பிறகே. கடன் வாங்கித் தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த நம் கடைச் சிப்பந்திக்கு அதில் இடமில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இல்லை. இடையில் சில ஆண்டுகள் விநியோகமே நின்றுபோனது. 2025-26 நிதிநிலை அறிக்கை 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தது. அதுவும் கல்லூரி மாணவர்களுக்கே.

நாம் இதில் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. பல வீடுகளில் கைபேசி இருக்கிறது. பிள்ளை படிக்கும் நேரத்தில்தான் அது வீட்டில் இல்லை. அப்பாவின் சட்டைப்பையில் நம் கடைக்கு வந்துவிடுகிறது. சரக்கு கொண்டுபோகும் பையனுக்கு ஆர்டர் வருவதும், பில்லைப் படமெடுத்து அனுப்புவதும், விலாசம் தேடுவதும் அவனுடைய சொந்தக் கைபேசியில்தான். டேட்டாவும் அவன் காசுதான். இரவு ஒன்பதரைக்குக் கடை கட்டி அவன் வீடு போய்ச் சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். கடை வேலைக்கென்று ஒரு கைபேசியைக் கடையே வாங்கி வைத்தால் அந்த வீட்டில் ஒரு கைபேசி மிச்சமாகும். தராசு வாங்குகிறோம், கல்லாப்பெட்டி வாங்குகிறோம். இதையும் அந்தக் கணக்கில் எழுதலாமே.

இன்னொன்று பழைய கணினி. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்ததால் பல கடைகளில் கணினி மாற்றுகிறார்கள். கழித்த பெட்டி கிட்டங்கி மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றினால், படிக்கவும் தட்டச்சு பழகவும் அது தாராளமாகப் போதும். எடைக்குப் போட்டால் என்ன பெரிதாகக் கிடைத்துவிடும்?

வரி விஷயத்தில் சங்கம் குரல் கொடுக்க இடமிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகம், பென்சில், அழிப்பான் ஆகியவற்றுக்கு வரி அறவே நீக்கப்பட்டது. கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் 18 விழுக்காடு அப்படியே நின்றது. எல்லாக் கைபேசிக்கும் குறைத்தால் வசதியுள்ளவரும் சேர்ந்து பயன்பெறுவார் என்பது நியாயமான வாதம். குறைந்த விலைக் கருவிகளுக்கு மட்டுமாவது குறைக்கும்படி நாம் கேட்கலாம்.

கணினியைக் கொடுக்க முன்வரும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் பற்று வரவு, வங்கிக் கடவுச்சொல், ஜி.எஸ்.டி. தளத்தின் நுழைவு விவரம் எல்லாம் அதில் இருக்கும். வேண்டியதைப் பிரதி எடுத்துக்கொண்டு, வட்டை முழுவதும் அழித்த பிறகே கொடுங்கள். மடிக்கணினியானால் பேட்டரி தாங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.