அம்மாவின் பீரோவா, சுவரோடு வார்ட்ரோபா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்கள் குடும்பத்தில் கிரகப்பிரவேசத்துக்கு முன்பே ஒரு பஞ்சாயத்து வந்துவிடுகிறது. அம்மாவுக்குச் சீராக வந்த இரும்பு பீரோவைப் படுக்கையறையில் வைப்பதா, சுவரோடு சுவராக வார்ட்ரோப் அடிப்பதா? ‘அந்தப் பழசைத் தூக்கிப் போடும்மா’ என்று மகன் சாதாரணமாகத்தான் சொல்வார். அம்மாவின் முகம் வாடிவிடும்.

முதலில் டேப்பை எடுங்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறரை அடிக் கட்டில் போட்டால் கால்மாட்டில் மிஞ்சுவது மூன்றரை அடி. சட்டையை ஹேங்கரில் மாட்ட வார்ட்ரோப் 2 அடி ஆழம் வேண்டும். மீதி ஒன்றரை அடிதான். ஒன்றரை அடி அகலக் கதவைத் திறந்தால் கட்டிலை உரசும். ஸ்லைடிங் கதவு இடிக்காது, ஆனால் ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும். வழக்கமான பீரோவின் ஆழம் சுமார் 19 அங்குலம். நடக்க இன்னும் 5 அங்குலம் கிடைக்கும். ஆனால் அதன் தலைக்கு மேல் மூன்றடி வீண். அங்கே பழைய சூட்கேஸும் தூசியும்தான் குடியிருக்கும்.

அடுத்தது மண். இரண்டு மாவட்டங்களிலும் கரிசல் பூமி நிறைய. மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் அதற்கேற்றபடி இல்லாவிட்டால் சுவரில் விரிசல் வரும், சட்டம் கோணும், வார்ட்ரோப் கதவு பூட்டாது. பீரோ என்றால் காலுக்கடியில் ஒரு தகட்டைச் செருகிச் சமன்செய்து விடலாம். அதனால் கட்டும்போதே கடப்பாக்கல் தட்டுகள் பதித்துவிட்டு, ஒரு மழை, ஒரு கோடை பார்த்த பிறகு கதவு போடுவது புத்திசாலித்தனம். கல்லைக் கரையான் தின்னாது.

மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய அரும்பாவூர் பெரம்பலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் வார்ட்ரோப் என்றால் இங்கேயும் பிளைவுட்தான்! ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.பி. ரகமா என்று கேட்டு வாங்குங்கள். குளியலறைச் சுவரை ஒட்டி எதையும் அடிக்காதீர்கள். பீரோவையும் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். குழந்தைகள் ஏறி விளையாடும் வீட்டில் அது சாயாதபடி மேல்பக்கம் ஒரு கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடிக்க வேண்டும்.

சிமென்ட் ஆலை வேலைக்காக அரியலூரில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். சுவரில் அடித்ததைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. கழற்றி மாட்டும் பார்ட்டிகிள் போர்டு அலமாரி இரண்டு முறை வீடு மாறினால் ஸ்க்ரூ பிடிக்காமல் ஆடத் தொடங்கும். இரும்பு பீரோ எத்தனை லாரி ஏறினாலும் தாங்கும்.

சொந்த வீடு என்றால் இரண்டுக்கும் இடம் உண்டு. வரைபடம் போடும்போதே பீரோவுக்கு மூன்றேகால் அடி அகலம், ஏழடி உயரத்தில் ஒரு மாடம் விடச் சொல்லுங்கள். பக்கத்தில் கடப்பாக்கல் தட்டுகள், மேலே பாய் தலையணைக்கு லாஃப்ட். பட்டுப்புடவையும் நகையும் பத்திரமும் பீரோவில், தினசரித் துணி அலமாரியில். அந்த பீரோ சாவி இனி அம்மா இடுப்பிலா, மருமகள் கையிலா என்பது வேறு பஞ்சாயத்து.