லண்டன் மாநகரின் புகைப்பனி

தரையையொட்டிய காற்று வெப்பமுற்று மேலெழும்போது புகையும் உடன்சென்று கலைந்துவிடும். பனிக்காலத்திலோ, காற்றசைவற்ற இரவுகளில் தரைக்காற்று குளிர்ந்து கீழேயே தங்க, வெப்பமான காற்று அதன்மேல் மூடிபோல் அமைவதுண்டு.

1952 டிசம்பர் 5ஆம் நாள் லண்டன்மீது அத்தகைய மூடியொன்று கவிந்தது. குளிர் தாங்காத மக்கள் வீடுதோறும் நிலக்கரியை மிகுதியாக எரித்தனர். கந்தகம் கலந்த அப்புகை பனித்துளிகளிற் கரைந்து அமிலமாயிற்று. கண்காட்சிக்கு வந்திருந்த கொழுத்த மாடுகளுக்கு முதலில் மூச்சுத் திணறியது. பிறகு மனிதர்கள். அமிலமும் கரித்தூளும் பட்டதும் மூச்சுக்குழாயின் உட்சவ்வு வீங்கும். சளி பெருகிக் காற்றின் வழியை அடைக்கும். வலுவுள்ளோர் இருமிப் பிழைத்தனர். முதியோரும் பச்சிளங் குழந்தைகளும் நாட்பட்ட மார்ச்சளி உடையோரும் தாங்கவில்லை.

9ஆம் நாள் காற்று வீசிப் பனி கலைந்தது. 'வழக்கமான மூடுபனிதானே!' என்றிருந்த நகரத்திற்கு, மரணக் கணக்கைக் கூட்டிப் பார்த்த பின்னரே கேட்டின் அளவு புலனாயிற்று. ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்று அந்நாளிற் கணித்தனர். பிற்கால ஆய்வாளர் 12,000 வரை கூறுவர். 1956இல் பிறந்த தூய காற்றுச் சட்டம் ஆலைப் புகைபோக்கியோடு வீட்டுக் கணப்பையும் கட்டுப்படுத்தியது.