மாடியில் பால்கனி போடப் போறீங்களா? "துண்டுச் சீட்டு" கணக்கை நம்பாதீங்க! கம்பி இடம் மாறினால் உயிருக்கே ஆபத்து!!

சென்னை—
நகையை அடகு வைத்து, சீட்டுப் பணம் எடுத்து மாடியில் ஒரு ரூமும் பால்கனியும் கட்டுகிறவர்கள் சென்னையில் ஏராளம். இவர்களில் பல பேருக்குத் தளத்தின் மொத்தக் கணக்கே சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் முடிந்துவிடுகிறது.

"எவ்வளவு ஆகும் மேஸ்திரி?"

"நம்ம வீடு மாதிரி சார். பார்த்துப் பண்ணிக்கலாம்."

பாதித் தளத்தில் வேலை நிற்கும்போதுதான் "பார்த்துப் பண்ணிய" கணக்கு தெரிகிறது. எல்லா மேஸ்திரியும் அப்படி இல்லை. ஆனால் கணக்கு தெரிந்த வீட்டுக்காரரிடம் யாரும் வாலாட்டுவது இல்லை.

25 மூட்டை

20 அடிக்கு 10 அடி ரூம். முன்னால் 3 அடி பால்கனி. ஆக 20-க்கு 13, அதாவது 260 சதுர அடி. கனம் 5 அங்குலம் என்றால் கான்கிரீட் 108 கன அடி வரும்.

1-க்கு 1½-க்கு 3 கலவையில் இதற்கு சிமெண்ட் 25 மூட்டை, மணல் 46 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 91 கன அடி பிடிக்கும். சேதாரத்துக்கு ஒரு மூட்டை சிமெண்ட் கூடுதலாகச் சேர்த்து, மணல் மொத்தம் அரை யூனிட், ஜல்லி மொத்தம் ஒரு யூனிட் என்று வைத்துக் கொள்ளலாம். (1 யூனிட் என்பது 100 கன அடி.) மேஸ்திரி 40 மூட்டை கேட்டால் ஏன் என்று கேளுங்கள். 15 மூட்டை போதும் என்றால் இன்னும் சத்தமாகக் கேளுங்கள்!

விலை அன்றாடம் மாறும். அன்றைய விலையைக் கேட்டுப் பெருக்கிக் கொள்ள வேண்டியதுதான். சிமெண்ட் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது. பில் வாங்கிப் பாருங்கள். சென்ட்ரிங் வாடகை, கம்பி கட்டும் கூலி, கான்கிரீட் போடும் கூலி மூன்றையும் தனித்தனியாகப் பேச வேண்டும். "மொத்தமா" என்றால் கூலி எதில் ஏறியது என்றே தெரியாது.

ஈர மணல்

லாரி வந்ததும் டேப் எடுத்து உள்பக்கம் நீளம், அகலம், உயரம் அளக்க வேண்டும். மேலே கூம்பாகத் தெரிவதைப் பார்த்து மயங்கக் கூடாது. ஈர மணல் உப்பி நிற்கும். 100 கன அடி என்று இறக்கியது, காய்ந்தால் 80 கன அடிக்கே இறங்கிவிடுவது உண்டு.

கம்பியை எண்ணி வாங்கினால் போதாது, எடை போட வேண்டும். 12 மீட்டர் நீளக் கம்பி 8 மில்லி என்றால் 4.7 கிலோ, 10 மில்லி என்றால் 7.4 கிலோ, 12 மில்லி என்றால் 10.7 கிலோ நிற்கணும். 10 மில்லியில் 7 சதவீதம் வரை வித்தியாசம் விதிப்படி உண்டு. 6.9 கிலோவுக்கும் கீழே போனால் திருப்பி அனுப்புங்கள்.

மிதிபடும் கம்பி

பணம் போனால் சம்பாதிக்கலாம். பால்கனி விஷயம் வேறு.

நாலு பக்கம் சுவரில் உட்காரும் தளத்துக்கு மெயின் கம்பி அடியில் இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பால்கனிக்கு அது மேல்பக்கம் இருக்க வேண்டும். ஆள் ஏறி நின்றால் பால்கனி கீழே வளையப் பார்க்கும், மேல்பக்கம் இழுபட்டு விரியும். அந்த இழுப்பைத் தாங்குவது கம்பி மட்டுமே. அதே கம்பி உள்ரூம் தளத்துக்குள்ளும் நீளமாகப் போய்ப் பிடித்திருக்க வேண்டும்.

கம்பி கட்டுகிறவர் சரியாகத்தான் கட்டியிருப்பார். ஆனால் கான்கிரீட் போடும் அன்று சட்டியோடு வருகிறவர்கள் எல்லாம் அதன் மேலேயே நடப்பார்கள். மேலே இருந்த கம்பி அடிக்குப் போய்விடும். பூசி முடித்த பிறகு வெளியே ஒன்றும் தெரியாது. துணி காயப் போட நாலு பேர் சேர்ந்து நிற்கும் அன்றுதான் தெரியும். எனவே கம்பிக்குக் கீழே சேர் கம்பி வைத்து, நடக்கப் பலகை போடச் சொல்லுங்கள். கம்பியின் கனமும் இடைவெளியும் இன்ஜினீயர் வரைந்து கொடுக்க வேண்டியது. அந்தப் பீஸை மிச்சம் பிடிக்காதீர்கள்.

அனுமதி வரைபடத்தில் இல்லாத பால்கனியைத் தெருப் பக்கம் நீட்டினால் நோட்டீஸும் வரும்.

தண்ணி

"கலவை ஓட மாட்டேங்குது சார், இன்னும் ரெண்டு குடம் ஊத்தறேன்" என்பார்கள். விடாதீர்கள். மூட்டைக்கு 27 லிட்டருக்கு மேல் போனால் பலம் குறையும். தளம் இறுகிய பிறகு பாத்தி கட்டி, நம் ஊர் வெயிலுக்கு 14 நாள் தண்ணீர் நிற்க வேண்டும்.

ரூம் தளத்துக்கு 7 நாளில் முட்டு எடுக்கலாம். சென்ட்ரிங்காரர் வாடகைக்கு அவசரப்படுத்துவார். பால்கனி முட்டை மட்டும் இன்ஜினீயர் வந்து பார்த்துச் சொல்லும் வரை யாரையும் தொட விடாதீர்கள்.