ஜிம் மாஸ்டர்: ஊழியரா, ‘ஃப்ரீலான்சரா’?

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களின் ஜிம்களில் வேலை பார்க்கும் மாஸ்டருக்கு வருமானம் பெரும்பாலும் இரண்டு வழியில் வரும். எல்லோரையும் கவனித்துக்கொள்ள ஒரு சிறிய மாதச் சம்பளம், பி.டி. எனப்படும் தனிப் பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பங்கு. பங்கு மட்டுமே தரும் இடங்களும் உண்டு. அங்கே எழுதும் ஒப்பந்தத்தில் ‘இவர் ஊழியர் அல்ல, ஃப்ரீலான்சர்’ என்றொரு வரி இருக்கும். விடுப்பு, ஓவர்டைம், இ.எஸ்.ஐ. எல்லாவற்றையும் கைகழுவ அந்த ஒரு வரி போதும் என்பது முதலாளியின் கணக்கு.

நீதிமன்றத்தின் கணக்கு வேறு. சில்வர் ஜூபிலி தையலகம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-இல் இதே கேள்வியை ஆராய்ந்தது. அங்கே தைத்தவர்களுக்குத் துண்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஆனால் தையல் இயந்திரம் கடையுடையது. தைத்தது சரியில்லை என்று திருப்பித் தரும் அதிகாரமும் கடைக்காரருக்கு இருந்தது. ஆகவே அவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பானது. ஜிம்முக்கும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். கருவிகள் ஜிம்முடையவை, வாடிக்கையாளரை ஒதுக்கிக் கட்டணம் வாங்குவதும் ஜிம், வருகைக்குக் கைரேகை என்றால் மாஸ்டரை ஊழியர் என்று வாதிட வலுவான இடமுண்டு. தளத்துக்கு வாடகை கட்டி, தன் ஆட்களைத் தானே சேர்த்து, கட்டணத்தைத் தானே முடிவு செய்பவர் உண்மையிலேயே சுயதொழில் செய்பவர். கீழே சொல்லும் உரிமைகளில் பல அவருக்குப் பொருந்தா.

அதிகம் சுரண்டப்படுவது நேரம்தான். காலை 5 முதல் 10, மாலை 4 முதல் 10 என்ற ஷிப்டில் வேலை 11 மணி நேரம்; தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே 17 மணி நேரம். வல்லம் ஒன்றியத்துக் கிராமத்திலிருந்து திண்டிவனம் வருபவர் நடுவில் வீட்டுக்குப் போய் வந்தால் பெட்ரோலுக்கே கட்டாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைக்கிறது. இடைவேளையும் சேர்த்து வேலை நாள் 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம். வாரம் ஒரு நாள் விடுமுறை, ஓராண்டு முடித்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு. தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ தராமலும் நிறுத்த முடியாது.

பணத் தகராறு பெரும்பாலும் விலகும்போது வெடிக்கும். வாடிக்கையாளரிடம் மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிய ஜிம், நடத்திய வகுப்புகளுக்கான பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி விலகியவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஊதிய பாக்கி தீர்க்கப்பட வேண்டும். பங்கைக் ‘கமிஷன்’ என்று எழுதிவிட்டால் அது ஊதியக் கணக்கில் வராது. ஆனால் கமிஷன் போன்ற விலக்குகள் மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியமாகவே கொள்ளப்படும்.

விலகியபின் பக்கத்து ஜிம்மில் சேரக் கூடாது என்ற பாண்டு, இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. வேலையில் இருந்துகொண்டே ஜிம்மின் வாடிக்கையாளரை ரகசியமாக இழுப்பது வேறு விஷயம். அதற்கு இந்தப் பிரிவு துணைக்கு வராது. பாண்டோடு சேர்த்து ஜிம் அசல் சான்றிதழையும் கேட்டால் நகல் தருவதே பாதுகாப்பு.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஜிம்மில், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, ஊழியர் பங்கு 0.75 சதவீதம். சிறிய ஜிம்மில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமர் விபத்துக் காப்பீடு இருக்கிறது. ஆனால் அது விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். தோள் தசை கிழிந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தால் உதவாது.

மாஸ்டரே சிக்கிக்கொள்ளும் இடம் ஊசியும் மாத்திரையும். ஸ்டீராய்டை உரிமமின்றி விற்பது மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940-இன் கீழ் குற்றம். முதலாளி சொல்லித்தான் விற்றேன் என்பது தப்பிக்கும் வழி ஆகாது.

பெண் பயிற்சியாளர் பாலியல் தொல்லைக்கு ஆளானால் மூன்று மாதத்துக்குள் ஜிம்மின் உள்ளகக் குழுவிடம் புகார் தரலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் தர வேண்டும்.

எந்த வழக்குக்கும் சான்று முதலில் வேண்டும்: ஷிப்ட் பற்றிய வாட்ஸ்அப் செய்திகள், யு.பி.ஐ. வரவு, வருகைப் பதிவின் படம். வேலையில் இருக்கும்போதே இவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். விலகிய மறுநாளே குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். மனுவை விழுப்புரத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் தரலாம். ஊதியக் கோரிக்கைக்கு மூன்று ஆண்டு கால வரம்பு. ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அதில் வருமான வரம்பு கிடையாது.