கண்டி கிழக்கே வளர்கிறது. பிள்ளைகள் மேற்கே ஓடுகிறார்கள்

விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றும் காலங்களில் பழைய தெல்தெனிய நகரின் இடிபாடுகள் தலைகாட்டும். வந்து படம் எடுத்துக்கொண்டு போவதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. 1978இல் வேலை தொடங்கி 1985இல் திறக்கப்பட்ட அணை அந்த நகரை விழுங்கியது. நாட்டுக்கு 210 மெகாவாட் மின்சாரம். இடம்பெயர்ந்தவர்களுக்கு மேட்டில் ஒரு புதிய தெல்தெனிய, கண்டிப் பக்கமாகத் திட்டமிட்டுக் கட்டிய திகன நகரம்.

கண்டிக்கு இனி இடமில்லை என்று சொல்வதில் பொய்யில்லை. சுற்றிலும் மலை, நடுவே வாவி, 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டம். வாகனப் புகை வெளியேறக்கூட வழி தெரியாமல் நிற்கிற ஊர். ஆகவே ஒவ்வொன்றாகக் கிழக்கே தள்ளினார்கள். பல்லேகலைக்குக் கைத்தொழிற்பேட்டை வந்தது. 2009இல் கிரிக்கெட் மைதானம் வந்தது. மாகாண சபைக் கட்டடத் தொகுதியும் அங்கேதான். போகம்பறை மறியலை மூடிவிட்டுக் கைதிகளையும் அங்கே ஏற்றிப் போனார்கள். சிறைச்சாலையைக்கூடப் பரவலாக்கியவர்களுக்கு நல்ல பாடசாலையைப் பரவலாக்க மட்டும் மனம் வரவில்லை.

இந்த வளர்ச்சியும் குண்டசாலை, பல்லேகலை தாண்டித் திகன வரும்போதே மூச்சு வாங்குகிறது. தெல்தெனியவில் நீதிமன்றம் இருக்கிறது, ஆதார வைத்தியசாலை இருக்கிறது, வலயக் கல்விப் பணிமனையும் இருக்கிறது. பலகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் மாலை நாலேகாலுக்கு அலுவலகம் விட்டதும் கண்டி பஸ்ஸுக்கு நிற்கும் உத்தியோகத்தர்களைப் பாருங்கள். பதவி தெல்தெனியவில், குடும்பம் கண்டியில். காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: பிள்ளைகளின் படிப்பு.

என் கவலையும் அதுதான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையை இந்தப் பக்கத்தில் யாரும் உள்ளூரில் வைத்திருக்க விரும்புவதில்லை. விடியுமுன்னே ஸ்கூல் வேன் ஹோர்ன் அடிக்கும். கழுத்துப்பட்டியோடு ஏறும் பிள்ளை பல்லேகலை வரும்வரை ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கும். இருபத்தைந்து கிலோமீற்றர் வரையிலான வழி, ஏ26 வீதியின் நெரிசலில் இரண்டு மடங்காகத் தெரியும். பாடசாலை முடிந்தால் டியூசன், அதற்கப்புறம்தான் திரும்பும் பயணம். கொஞ்சம் வசதி இருந்தால் குண்டசாலையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ வாடகைக்கு வீடு பார்த்துவிடுகிறார்கள். அப்படிப் போன குடும்பத்தின் செலவும் சேமிப்பும் அதோடு போய்விடும். தெல்தெனியக் கடைக்காரர் யாருக்கு விற்பது?

ரங்கலப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த வேன்கூடக் கிடையாது. உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ தமிழில் படிக்க வழியில்லாமல் கலைப்பிரிவில் போய் உட்காரும் கதை மலையகத்துக்கே பழையது.

வீதியை அகலமாக்கி, கொழும்பு அதிவேகப் பாதையைக் கண்டி வரை கொண்டுவந்தால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு நம்பிக்கையில்லை. வீதி நன்றாக இருந்தால் ஊரைவிட்டுப் போவதும் சுலபம்.

1987இல் 13ஆம் திருத்தம் கல்வியை மாகாணத்திடம் கொடுத்தது. ஆனால் ஊர் போட்டி போடும் தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கையிலேயே இருக்கின்றன. மத்திய மாகாண சபையின் காலமோ 2018இல் முடிந்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்காகத் தேர்தலே இல்லை, ஆளுநர்தான் எல்லாம். பல்லேகலையில் சபைக் கட்டடம் இருந்து என்ன, நம் வலயத்துக்கு விஞ்ஞான ஆசிரியர் வேண்டும் என்று கேட்க அதற்குள் நம்மவர் ஒருவர் இல்லையே.

இந்தப் பக்கம் அடுத்த கட்டடத்துக்கு அடிக்கல் வைக்க வருபவர்களிடம் ஊரார் ஒன்றை மட்டும் கேட்கட்டும். தெல்தெனிய வலயத்தில் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் சிங்களத்திலும் தமிழிலும் முழு ஆசிரியர்களோடு நடக்கவேண்டும். அந்த ஆசிரியர்கள் நாலேகால் பஸ்ஸைப் பிடிக்காதிருக்க நல்ல விடுதியும் வேண்டும். மைதானமும் மறியலும் ஏற்கெனவே கிடைத்துவிட்டன.